ஊதலுக்கு எழும்பும் நகரம்

நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் "யாருக்குப் பயம்?" என்று எழுதுகிறாள் துஷ்யந்தி. எழுதாதே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பாடம் முடிந்ததும் அவளே அழித்து, அழிறப்பர்த் தூளை என் மேசைப் பக்கமாக ஊதிவிட்டுப் போவாள். எனக்கு அவளைப் பிடிக்கும், அதை ஒளிப்பானேன்?

கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் நூலகப் பொறுப்பாளர் நான். உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகள் குறைவு என்பதால் வகுப்பு என் நூலகத்திலேயே நடக்கிறது. ஒட்டுக்கேட்க வேண்டிய சிரமமே இல்லை.

இந்தத் தவணை அவர்களுக்கு ஒரு கொடிய எதிர்காலத்தைப் பற்றிய சிறுகதை. அந்த நகரத்தில் சைரன் போல ஒரு காலை ஊதல் கேட்டால் எல்லோரும் கதவைத் திறக்க வேண்டும். மாலை ஊதல் கேட்டால் சாத்த வேண்டும். ஊதல் என்ற படிமம் பயத்தைக் காட்டுகிறது என்று பாடமெடுக்கும் றேணுகா மிஸ் குறிப்புக் கொடுத்தார். எல்லோரும் எழுதினார்கள். துஷ்யந்தி கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பயம்னா ஒருத்தராவது நடுங்கணுமே மிஸ். இதுல யாருமே நடுங்கல. ஊதல் லேட்டானாத்தான் கவலப்படுறாங்க. பழகிப்போச்சு, அதான் பயங்கரம்."

"நல்லாத்தான் கதைக்கிறீர். போட்டியில இப்பிடிச் சொன்னா மார்க்ஸ் விழாது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு விளங்கப்படுத்தும், பாப்பம். இல்லாட்டி வேற ஆளை அனுப்புவன்," என்றார் மிஸ். பாடசாலைகளுக்கு இடையிலான இலக்கியப் போட்டிக்கு ஒருவர்தான் போகலாம். துஷ்யந்திக்கு அந்த மேடை மேல் கொள்ளை ஆசை.

வேறொரு பிள்ளையென்றால் வாயை மூடிக்கொண்டு குறிப்பைப் பாடமாக்கியிருக்கும். இவள் தெருவில் இறங்கினாள். பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரியிலிருந்து பாண் விற்க வரும் ஆட்டோவை, எல்லாம் விற்றுத் தீர்ந்து திரும்பும் நேரத்தில் மறித்து, ஒரே ஒரு தடவை பாட்டைப் போடச் சொல்லி ஓட்டிவந்த அண்ணனிடம் 'அய்யே, அய்யே' என்று சிங்களத்தில் கெஞ்சியிருக்கிறாள். பாட்டு எழும்ப, கதவுகள் திறந்தன. மாடிவீட்டு நாகேஸ்வரி அன்ரி பேர்ஸோடு படியிறங்கி வந்துவிட்டார்.

"ஆன்டி, காலையிலயே பாண் வாங்கிட்டீங்களே?"

"ஓம் பிள்ளை, மேசையில கிடக்கு. சத்தம் கேட்டுது, வந்திட்டன்."

இதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பில் அலுமாரிக் கண்ணாடியே அதிர்ந்தது. "பாருங்க மிஸ், யாராவது பயந்தாங்களா?"

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். கரும்பலகை அருகே நின்று ஆட்டோக் கதையைச் சொல்லி முடித்து, சிறுகதைக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. றேணுகா மிஸ் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் இன்னும் சம்மதம் இல்லை. "இந்த ஊர்ல காவல்காரனே தேவையில்ல மிஸ், ஏன்னா..." என்று அவள் முக்கியமான இடத்துக்கு வரும்போது மணி அடித்தது.

கதிரைகள் கிரீச்சிட்டன. பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். நான் சாவிக்கொத்தை எடுத்துவிட்டேன். றேணுகா மிஸ் புத்தகத்தை மூடி, பையைத் தோளில் மாட்டி, வாசலை நோக்கி ஓரடி வைத்துவிட்டார்.

துஷ்யந்தி வசனத்தை முடிக்கவில்லை. வெண்கட்டியை நீட்டி மிஸ்ஸின் தோளில் தொங்கிய பையைக் காட்டினாள், அவ்வளவுதான்.

மிஸ் பையைப் பார்த்தார். எழுந்து நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"மேடையிலயும் நீரே சொல்லும்," என்றபடி பையைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார்.