முயல்கூட்டுக்கு ஒரு தகரம்

மகளின் முயல்கூட்டைத் திறந்ததும் எலிமூத்திர நெடி முகத்தில் அடித்தது. நேற்றுப் பிறந்த குட்டியொன்றின் காதை எலி கடித்திருந்தது.

“ஆருக்காவது குடுத்திரு புள்ள,” என்றார் கணவர். “எப்ப ஓடவேணுமோ தெரியா. இதுக்குள்ள முயலும் வேணுமா?”

என் சின்ன வயதில், பழுகாமத்தில் எங்கள் கோழிக்கூட்டிலும் இதே நெடிதான். அப்பா எலிமருந்து வாங்கிவந்தபோது அம்மா கூட்டடிக்கு விடவில்லை. செத்த எலியைக் கோழி கொத்திவிடும் என்றார். பிஸ்கற் தகரத்தை வெட்டி, கூட்டின் கால்களில் குடைபோலக் கவிழ்த்து ஆணியடித்தார். எலி முருங்கைக் கிளைவழியாக வந்தது. காய்த்துத் தொங்கிய அந்தக் கிளையையே அம்மா வெட்டி விழுத்தினார்.

“எலிக்காக ஆராவது முருங்கையை வெட்டுவாகளா?” என்று பக்கத்துவீட்டு மாமி சிரித்தார்.

“முருங்கை திரும்பத் தளிர்க்கும் மச்சாள். குஞ்சு திரும்ப வருமா? எலிக்குத் தீன் போட நான் கோழி வளக்கல்ல.”

தேற்றாத்தீவில் கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு, இப்போதிருக்கும் வீட்டின் கதவடியிலும் ஒரு பிஸ்கற் தகரம் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள் எல்லாம் அதற்குள்தான். ஓடும்போது தூக்குவதற்காக வைத்தது. சண்டை முடிந்ததென்று வானொலி சொன்ன பிறகும் நான் அதை அசைக்கவில்லை.

இன்று எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துவிட்டு அந்தத் தகரத்தை வெட்டினேன்.

“இனி ஓட வந்தா?” என்றார் கணவர்.

“முயலையும் தூக்கிக்கொண்டு ஓடுவம். இப்ப இந்த ஆணியப் பிடிங்க.”

நான் சுத்தியலை ஓங்கியபோதும் அவர் விரலை எடுக்கவில்லை.