இருசப்பன் ஊர் விரால்

இருசப்பன் வீட்டோட மாப்பிள்ளை. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் மாமனார் வைத்துவிட்டுப் போன நிலம், மாமனார் கட்டிய வீடு, மாமனார் வெட்டிய குட்டை. அத்தனையையும் மாங்கு மாங்கென்று பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் 'சிட்டம்மா வூட்டுக்காரரா?' என்றுதான் கேட்பார்கள்.

அந்த வீட்டில் தன்னுடையது என்று அவர் மார்தட்டிக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. குட்டையில் துள்ளும் விரால். கல்யாணமான புதிதில் தன் சொந்த ஊரான ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு தவலை நிறைய விரால் கொண்டுவந்து விட்டவர் அவர். ஏற்கெனவே கிடந்த உள்ளூர் விராலோடு கலந்து அவை பெருகிவிட்டன. மீன் கேட்டு யார் வந்தாலும், "இது எங்க ஊரு மீனு. தலை எப்டி கீது பாரு!" என்று ஆரம்பித்துவிடுவார்.

மச்சினன் வெங்கடேசனுக்கு இதைக் கேட்டாலே வாய் அரிக்கும். "குட்டை எங்கப்பா வெட்டுனது மாமா. அதுல கீற மீன் மட்டும் எப்டி உங்க ஊருதாவும்?"

இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லவே வந்ததுபோல, மீன்வளம் படிக்கும் கல்பனா என்ற ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தாள். ஏரிக்கு ஏரி விரால் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறாளாம். ஐயங்கார்குளத்திலும் உத்திரமேரூர் ஏரியிலும் மாதிரி எடுத்தாயிற்று, இனி இந்தக் குட்டைதான் பாக்கி. துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டிக்கொண்டு மீன்களைத் தண்ணீரிலேயே விட்டாள்.

"எந்த ஊரு மீனுன்னு கண்டுபுட்சிடுவியாம்மா?"

"ஓரளவு தெரிஞ்சிடும்யா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து இருசப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "ரிசல்ட்டு வரட்டும், அப்பால பேசிக்கலாம்" என்று டீக்கடையில் சவால் வேறு விட்டுவிட்டார்.

கல்பனா ரிசல்ட்டோடு வந்த அன்று வெங்கடேசனும் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டான். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பார்த்த மீன் எல்லாமே இந்தப் பக்கத்து ஏரி வம்சம்தான்யா. ஐயங்கார்குளத்து அடையாளம் ஒண்ணுலகூட இல்ல."

வெங்கடேசன் விழுந்து விழுந்து சிரித்தான். இருசப்பனுக்கு முகம் செத்துவிட்டது.

"நான் பார்த்தது அம்மா வழியை மட்டும்தான்யா," என்றாள் கல்பனா அவசரமாக. "உயிரணுவுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி அடுப்பு மாதிரி இருக்கும். அதுக்குன்னு தனி டி.என்.ஏ. உண்டு. முட்டை வழியா அம்மாகிட்டேருந்துதான் அது குஞ்சுக்குப் போகும். அப்பா எந்த ஊருன்னு அதுல தெரியாது. நீங்க கொண்டுவந்ததுல பெண் மீனே இல்லையோ என்னவோ."

இருசப்பன் தலையைச் சொறிந்தார். அது ஐப்பசி மழையில் பிடித்த மீன். சினை மீனைப் பிடிப்பது பாவம் என்று, வயிறு உப்பியதையெல்லாம் கும்பிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, வயிறு ஒட்டியதாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவர் அவர். புண்ணியம் தேடப் போய் அத்தனையும் ஆணாகவே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்!

"ஆண் விராலுக்குக் குஞ்சைக் காவல் காக்குறதுதான் வேலை," என்றான் வெங்கடேசன். "நம்ம மாமா மாதிரி."

"வாய மூட்றா," என்றாள் சிட்டம்மாள்.

இருசப்பன் அதைக் காதில் வாங்கவே இல்லை. "மனுசனுக்கும் இப்டித்தானாம்மா?"

"ஆமாய்யா. ஆடு, மாடு, மனுஷன், பெரும்பாலும் எல்லாத்துக்கும் இதேதான். உங்ககிட்ட இருக்கிறது உங்க அம்மாவோடது. உங்க பொண்ணுகிட்ட இருக்கிறது அவங்க அம்மாவோடது."

"நான் ஒத்தப் புள்ள. அப்போ எங்கம்மாவுது என்னோட சரியா?"

"அது ஒண்ணு மட்டும்தான்யா. மத்ததுல பாதி உங்க பொண்ணுக்குப் போயிருக்கு."

பின்பாதி அவர் மனசில் ஏறவே இல்லை. ஒற்றைப் பிள்ளையைச் சம்பந்தி வீட்டுக்குத் தாரைவார்த்துவிட்டோமே என்ற ஆற்றாமையில், அவர் அம்மா சாகும்வரை இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பல தடவை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் புண் அவருக்கு ஆறவே இல்லை.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஐயங்கார்குளம் போனார். கரையில் நின்று, "தப்பா நெனச்சிக்காத தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வயிறு கனத்த விரால் ஒன்றைப் பிடித்து, வண்டியில் கட்டியிருந்த டிரம்மில் விட்டார். வழியில் வேகத்தடை வந்தபோதெல்லாம் இறங்கி வண்டியைத் தள்ளினார். பின்னால் வந்த லாரிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், வண்டில இன்னா, புள்ளத்தாச்சியா கீது?"

"ஆமாம்பா," என்றார் இருசப்பன்.

வீட்டு வாசலில் சிட்டம்மாள் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஆரத்தி கரைத்து எடுத்துவந்தாள்.

"அக்கா, மீனுக்கா ஆரத்தி?" என்று வெங்கடேசன் வாயைப் பிளந்தான்.

"உங்க மாமா பக்கத்துலேருந்து இந்த வூட்டுக்கு வர்ற மொத பொம்பளடா," என்றாள். "ஓரமா நில்லு."

இருசப்பன் டிரம்மைப் பிடித்துக்கொண்டே, மச்சினன் நிற்கிறான் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டார்.