அவள் கணினிக்கு நான் போட்ட ‘வேண்டாம்’

என் மனைவி எதையும் சேமித்து வைத்ததே இல்லை. எழுதிக்கொண்டே இருப்பாள், கீரனூரில் திருச்சி பஸ் வருகிற நேரமாகிவிட்டால் மடிக்கணினியை அப்படியே மூடிவிட்டு வேலைக்கு ஓடுவாள். நான் கத்துவேன். கணினிதான் என் பிழைப்பு. இயங்குதளத்தின் அடியில் கிடந்து எல்லாவற்றையும் நடத்துகிற கெர்னலை, பேட்டரி அதிகம் தின்னாதபடி அமைத்துக் கொடுப்பது என் வேலை.

“சேவ் பண்ணிட்டு மூடுனா கை தேஞ்சா போயிரும்?”

“மூடுனா தூங்குது, தெறந்தா விட்ட எடத்துல முழிக்குது. அப்புறம் என்னத்துக்குங்க சேவு? போயி ஒங்க வேலயப் பாருங்க.”

அவள் சொன்னது பொய்யில்லை. அப்படித் தூங்க வைத்தவனே நான்தான். அது பழைய கணினி, எழுதுவதைத் தானாகச் சேமிக்கிற வசதியும் அதில் இல்லை. அதற்கென்று உட்கார்ந்து நானே கெர்னல் கட்டினேன். கட்டும்போது ஒவ்வொரு வசதியும் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கும். தூக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், எழுதியதெல்லாம் நினைவகத்திலேயே நிற்கும். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரி போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று ஹைபர்நேஷன்: எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும், பேட்டரி செத்தாலும் கவலையில்லை. அதற்கு டிஸ்கில் இடம் ஒதுக்க வேண்டும். தினமும் சாயங்காலம் திறக்கிற கணினிக்கு எதற்கு அது என்று ‘வேண்டாம்’ போட்டேன். பெரிய மேதாவி!

அப்படி என்னதான் எழுதுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒங்க லட்சணத்தத்தான் எழுதுறேன். முடிச்சிட்டுத் தாரேன், படிங்க.”

“எதுக்கு, கோர்ட்டுல குடுக்கவா?”

“ஆமா, அப்படியே ஜீவனாம்சமும் கேக்கப் போறேன்” என்று சிரித்தாள்.

ஒரு காலையில் வழக்கம்போல் மூடிவிட்டு ஓடியவள், பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள். திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

அரிமளத்திலிருந்து அத்தை வந்தார், அவளுடைய அம்மா. மகளின் புடவை, கைப்பை, செருப்பு, கணினி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “பதினாறு முடியட்டும் மாப்ள. அதுவரைக்கும் அவ பொழங்குனத யாரும் தொடக்கூடாது” என்றார். அவர்கள் வீட்டில் அப்படித்தான்.

மூன்றாம் நாள் அவளுடைய சார்ஜர் சுவரில் தொங்குவது கண்ணில் பட்டது. பூட்டிய பீரோவுக்குள் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்.

“அத்தே, அந்தக் கம்ப்யூட்டர மட்டும் ஒரு நிமிசம் எடுத்துக்கிட்டா…”

வீங்கிய கண்ணோடு நிமிர்ந்து பார்த்தார். “எம் புள்ளையே போயிட்டா. ஒங்களுக்குக் கம்ப்யூட்டரு கேக்குதா மாப்ள?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சார்ஜரைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். பேட்டரி தீரப் போகும்போது அதுவே எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஊரில் எல்லார் கணினியும் செய்கிற காரியம்தானே. இந்த ஒன்றில் மட்டும் அதைப் பிடுங்கிப் போட்ட மடையன் நான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து அத்தை சாவியைக் கொடுத்தார். மூடியைத் திறந்தேன். இருட்டு. சார்ஜரைச் செருகினேன். விட்ட இடத்தில் முழிக்கவில்லை. முதலிலிருந்து தொடங்கி, பச்சைப்பிள்ளைபோல் வெறுந்திரையைக் காட்டியது. கெர்னல் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஹைபர்நேஷன்: வேண்டாம். என் கையால் போட்டது. ஐயோ, இந்தக் கையை என்ன செய்ய?

அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் நான்தானே. சண்டை போட்டாவது அந்தச் சாவியை வாங்கியிருக்க வேண்டும்.

அவள் கோப்பு இருந்தது. எழுத ஆரம்பித்த அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படித்தான் சேமிக்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை அவள் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டியிருந்தேன். நான் படித்துவிடாதபடி மறு கையால் திரையை மறைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் அடித்திருந்த ஒரு வரி மட்டும் மிச்சம்.

“இதப் படிக்கறப்ப நீங்க சிரிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.”

சிரிக்கலடி என்றேன். வாய்விட்டே சொன்னேன். அடுப்படியிலிருந்து அத்தை, “யாருகிட்ட மாப்ள பேசுறீங்க?” என்று கேட்டார்.