பின்பக்க ஸ்பீக்கரில் வந்த குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நான் வயறிங் வேலை செய்கிறவன். களுதாவளையிலிருந்து கல்லாறு வரைக்கும் எத்தனையோ வீடுகளில், லைட் தானாக அணைகிறது, ஃபேன் தானாகச் சுற்றுகிறது, உங்களைக் கூப்பிடுவதா பூசாரியைக் கூப்பிடுவதா என்று கேட்டிருக்கிறார்கள். போய்க் கழற்றிப் பார்த்தால் எலி கடித்த வயர், இல்லாவிட்டால் கழன்ற எர்த். இத்தனை வருடத்தில் ஒரு பேயையும் நான் கூரைக்குள் கண்டதில்லை. ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன். வேறு யாராவது சொன்னால் நானும் சிரித்திருப்பேன்.

பெரியகல்லாற்றில் கடற்கரைப் பக்கமாகத்தான் எங்கள் பழைய வீடு. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவி கலாவும் தப்பினோம், மகள் நிரோஜா தப்பவில்லை. ஒன்பது வயது. உடலும் கிடைக்கவில்லை. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வராது, விட்டுவிடுங்கள்.

பிறகு வாவிப் பக்கமாகக் கட்டிய சுனாமி வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. இரட்டை வீடுகள், இரண்டு குடும்பத்துக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். சுவர் என்று சொல்வதே மரியாதைக்குத்தான், அந்தப் பக்கத்தில் தேங்காய் துருவினால் இந்தப் பக்கத்தில் எத்தனை பாதி துருவினார்கள் என்று சொல்லலாம். அந்தப் பக்கத்தில் புஷ்பம் அக்கா தனியாக இருந்தா. வேறு ஊர்க் கடற்கரையில் வீட்டைப் பறிகொடுத்து வந்தவ, கணவர் முன்பே நோயில் போய்விட்டார். ஒரே மகள் யசோ. கடல் வருவதற்கு முதலே அவளை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், பிறகு வடக்கே வன்னிக்குச் சண்டைக்கு அனுப்பினார்களாம். ஒரேயொரு தடவை சந்தியிலுள்ள தொலைபேசிக் கடைக்குக் கோல் எடுத்துத் தாயோடு கதைத்திருக்கிறாள்.

புது வீட்டில் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. அமைதியாக இருந்தால் கடல் கேட்கும். வாடைக் காற்று என்றால் இன்னும் மோசம், காதுக்குள்ளேயே இரையும். கட்டாரில் இருந்த மைத்துனன் என்ன வேண்டும் என்று கேட்டபோது வாய் தானாகவே ஹோம் தியேட்டர் என்று சொல்லிவிட்டது. ஐந்து ஸ்பீக்கரும், அதிர்கிற சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும். முன்னுக்கு மூன்று, பின்னுக்கு இரண்டு. ஆசையாக நானே வயர் இழுத்துப் பூட்டினேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, படத்தில் மழை பெய்தால் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கமாக நகர்ந்து முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு இருந்தால் கடல் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு சண்டைப் படம் போட்டேன். பின்பக்க ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஹெலிகொப்டர் எழும்பி, தலைக்கு மேலால் போனது பாருங்கள், நானே குனிந்துவிட்டேன். படம் முடிந்து வெளியே வந்தால் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் சனம் கூடி நிற்கிறது. குண்டு போட வருகிறது என்று முன்வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்திருந்தாராம். புஷ்பம் அக்கா சாரிக் கரையெல்லாம் மண்ணோடு நின்றா, கிணற்றடியில் விழுந்து படுத்திருக்கிறா.

"உனக்கென்ன தம்பி மண்டை பழுதா?" என்றா. "வானத்தப் பாத்துப் பாத்து என்ட கண்ணு நோகுது. கடைசியில உன்ட வீட்டுக்குள்ளயாம் ஹெலி!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை கதவடிக்கு வந்து மெதுவாகக் கேட்டா.

"சத்தம் எனக்குப் பிரச்சின இல்ல தம்பி. ஆனா புள்ள எப்ப வருவாள் எண்டு தெரியாது. கேற்றடியில நிண்டு கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். அதுக்குத்தான் சொல்றன்."

எனக்குச் சத்தம் வேண்டும், அவவுக்கு அமைதி வேண்டும், இரண்டும் ஏறக்குறைய ஒரே காரணத்துக்குத்தான். சப்வூஃபரை நடுச்சுவரிலிருந்து எடுத்து மற்றப் பக்கம் வைத்தேன், கீழே ஒரு பழைய ஆட்டோ ரயரும் அதற்கு மேல் ஸ்பொஞ்சும் போட்டேன். முட்டை மட்டைகளைச் சேர்த்துச் சுவரில் ஒட்டினேன், கலா தடித்த திரைச்சீலை தைத்தாள். அதற்குப் பிறகும் கொஞ்சம் கேட்டது. கடைசியில் வழி சொன்னது அக்காதான். யசோ அந்த ஒரு தடவை கோல் எடுத்தது பின்னேரம் நாலரை மணிக்கு. ஆனபடியால் அக்கா ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குப் போய் அந்தக் கடை வாசல் வாங்குப் பலகையில் இருந்துவிட்டு ஐந்தரைக்குத்தான் வருவா.

"நான் இல்லாத நேரம் நீ உன்ட ஆசைக்குப் போடு" என்றா. "ஆனா கலா, நீ ஒரு காத வாசல்ல வச்சிரு."

அப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. நாலிலிருந்து ஐந்தரை வரை என்னுடைய நேரம். ஐந்தரைக்கு அக்காவின் செருப்புச் சத்தம் ஒழுங்கையில் கேட்கும், நான் குறைத்துவிடுவேன். இன்றைக்கு ஏதாவது கோல் வந்ததா என்று நாங்கள் கேட்பதில்லை, வந்திருந்தால் அந்த நடை வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிறகு வன்னியில் யுத்தம் முடிந்தது. றேடியோவில் அறிவித்தார்கள், தூரத்தில் எங்கேயோ பட்டாசு கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ரீவி சத்தம் இல்லை. நானும் ஒரு கிழமையாக ஹோம் தியேட்டரைத் தொடவில்லை. அக்கா மட்டும் வழமைபோல நாலு மணிக்குக் கடைக்குப் போய் வந்தா. வன்னியிலிருந்து வந்த ஆட்களை முகாம்களில் வைத்திருக்கிறார்களாம், பெயர்கள் வருமாம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள்.

எட்டாம் நாளோ என்னவோ, கலாதான் சொன்னாள். "இஞ்சருங்க, ஏதாவது போடுங்க. இப்பிடி இரிக்க ஏலாது."

மழைக் காட்சி உள்ள ஒரு பழைய படம் போட்டேன். நல்ல வெயில், திரைச்சீலை மூடியிருந்தது, கலா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். மழை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறது, பின்னுக்குப் போகிறது, அங்கே, வலப்பக்கப் பின் ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"அம்மா, நான் வந்திட்டன். கதவத் திறங்க."

நான் படத்தில் வருகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் படத்தில் அந்த இடத்தில் கதவும் இல்லை, அம்மாவும் இல்லை. அதற்குள் கலா மாக் கையோடு ஓடி வந்தாள்.

"ஆரு கூப்பிட்டது?"

"படம்" என்றேன்.

"படமில்ல" என்றவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். நான் டிவிடியைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன். மழை மட்டும்தான். இன்னொரு தரம் ஓட்டினேன். மழை மட்டும்தான்.

நீங்கள் கேட்க நினைப்பதை நானும் நினைத்தேன். நீளமான ஸ்பீக்கர் வயர் ஏரியல் மாதிரி வேலை செய்யும், பக்கத்து ஆமி முகாமின் வயர்லெஸ் சிங்களத்தில் இரண்டு மூன்று தடவை கரகரத்து வந்திருக்கிறது. ஆகவே ஹோம் தியேட்டர் செற்றை நிற்பாட்டினேன், பிளக்கையும் கழற்றினேன், எழும்பிப் போய் அந்த ஸ்பீக்கரின் வயரை இழுத்து எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், வயரின் இரண்டு நுனியும் என் கையில் இருக்கிறது, ஸ்பீக்கர் தனியாகச் சுவரில் தொங்குகிறது, அதற்குள்ளிருந்து திரும்பவும், "அம்மா".

கத்தவில்லை. வெளியில் நெடுநேரம் நின்று களைத்தவள் கூப்பிடுகிற மாதிரி.

எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் புதினம். நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தப் பெட்டியைப் பார்த்து, "இரு மகள், அம்மா வாறா" என்றேன்.

வெளியே போனால் கலா கேற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். ஒழுங்கையில் வெயிலையும் ஒரு நாயையும் தவிர ஒன்றும் இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்மட புள்ளதானே?" என்றாள்.

ஐந்தரைக்குப் புஷ்பம் அக்கா வந்தா. எங்கள் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடப்பதையும் கலாவின் கண்ணையும் பார்த்துவிட்டு ஒழுங்கையிலேயே நின்றுவிட்டா. அவவுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கலா சொல்லிவிட்டாள்.

"நம்மட நிரோஜா வந்தவள் அக்கா. கதவத் திறக்கச் சொன்னவள்."

அக்கா கலாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா. "என்ன சொன்னாள்? அந்தச் சொல்ல அப்பிடியே சொல்லு தம்பி."

சொன்னேன்.

"யசோ அப்பிடித்தான் கூப்பிடுறவள். பள்ளிக்கூடத்தால வந்து அந்தச் சொல்லுத்தான் சொல்றவள்."

"எல்லாப் புள்ளையும் அப்பிடித்தானே அக்கா சொல்லும்" என்றாள் கலா.

அக்கா கேற்றுக்குள் வந்தா. "தம்பி, குரல் சின்னப் புள்ளட குரலா, பெரிய புள்ளட குரலா?"

இரண்டு தாய்மாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கோட்டில் சாட்சிக் கூண்டில் நின்றவனுக்கும் அப்படி வியர்த்திருக்காது. நான் கேட்ட குரல் ஒன்பது வயதுக் குரல் அல்ல. ஆனால் நிரோஜா இருந்திருந்தால் அப்போது பதினான்கு நடந்திருக்கும், பதினான்கு வயதில் அவள் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யசோவையோ நான் கண்டதே இல்லை. பெற்ற மகளின் குரலை அது இல்லை என்றும் ஆம் என்றும் சொல்ல முடியாத தகப்பனாக அந்த ஒழுங்கையில் நின்றேன்.

"தெரியல்ல அக்கா" என்றேன்.

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கலா போய் அக்காவின் கையைப் பிடித்தாள், அவளுடைய கையில் மா காய்ந்து போயிருந்தது. இருவரும் எங்கள் வீட்டுக்குள் போய் அந்த ஸ்பீக்கருக்குக் கீழே தரையில் இருந்துவிட்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து அக்கா தொலைபேசிக் கடைக்குப் போகவில்லை. நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவா, பிளாஸ்ரிக் கதிரையை அந்த ஸ்பீக்கரடியில் இழுத்துப் போடுவா, கலா பக்கத்தில் இருப்பாள். நான் அதே படத்தைப் போட வேண்டும். இரண்டு வருடமாகக் குறை குறை என்று நான் பயந்துகொண்டிருந்த அதே அக்கா, "இன்னும் கூட்டு தம்பி, மழ நல்லாக் கேக்கட்டும்" என்பா. யன்னல் கண்ணாடி அதிரும். ஒருநாள் முன்வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் சண்டைக்கென்றே வந்தார். கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார். இரண்டு பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு, காதை மேலே கொடுத்துக்கொண்டு இருந்த இருப்பைக் கண்டதும் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் ஒருவரும் எங்களைச் சத்தம் என்று சொன்னதில்லை.

குரல் பிறகு வரவே இல்லை. டிவிடி தேய்ந்து, படம் இடையில் நின்று நின்று ஓடியது. அக்கா முகாம் முகாமாகப் போனா, யசோவின் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினா, பெயர் ஒரு பட்டியலிலும் இல்லை. நாலு மணிக்கு ஊரில் இருந்தால் கட்டாயம் வருவா. போன வருடம் நெஞ்சு வருத்தத்தில் போய்ச் சேர்ந்தா. இப்போது கலா தனியாக இருந்து கேட்கிறாள். நானும் சில நாட்களில் பக்கத்தில் இருப்பேன். நான் கேட்பது கடலை மறக்க அல்ல, அந்தத் தொல்லை எப்போதோ போய்விட்டது.

அவர்கள் இருவருக்கும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கலாவுக்கு இன்றுவரை தெரியாது, அவள் இதைக் கேட்கக்கூடாது என்றுதான் வேறு இடத்தில் வைத்து உங்களுக்குச் சொல்கிறேன். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு "இரு மகள், அம்மா வாறா" என்று நான் சொன்னேன் அல்லவா, கலா அப்போது கேற்றடியில் நின்றாள். அந்த ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. நிரோஜாவும் யசோவும் ஒருநாளும் கண்டிராத இந்த வீட்டை யாரோ சுற்றிப் பார்க்கிற அளவு நேரம். பிறகு அதே குரல், முன்பைவிட மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது. எனக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

"வா புள்ள. இது நம்மட வீடில்ல."