பச்சைப் போத்தலுக்குப் பின்னால்

முரசுமோட்டைப் பக்கம் காணி கிடைத்து நாங்கள் குடியேறிய காலத்தில் அரசாங்க மருந்து இலவசம். போத்தல் மட்டும் எங்களுடையது. மருந்து வாங்கப் போகிறவர் வீட்டிலிருந்து போத்தலைக் கழுவிக் கொண்டுபோக வேண்டும். டிஸ்பென்சரிக் கதவு திறக்கும்வரை ஆட்கள் மருத மரத்தடியில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். வாசல் சீமெந்தில் வரிசையாக நிற்பது போத்தல்கள்தான். போத்தல் நிற்கும் இடம் ஆளின் இடம். வெற்றிலை போடப் போகலாம், வாய்க்காலில் கால் கழுவப் போகலாம், திரும்பி வரும்போது இடம் அப்படியே இருக்கும். ஒருவர் போத்தலை இன்னொருவர் தொட்டு நகர்த்தியதாக ஒரு கதைகூட எங்கள் குடியேற்றத்தில் இல்லை.

பெரும்பாலும் சாராயப் போத்தல்கள். சிலது மண்ணெண்ணெய்ப் போத்தல்கள், எவ்வளவு சாம்பல் போட்டுக் கழுவினாலும் மணம் போகாது. என்னுடையது கழுத்தில் சின்ன வெடிப்புள்ள சாராயப் போத்தல். மூடிக்குப் பதிலாகத் துணியைச் சுருட்டி அடைத்திருப்பேன்.

அந்த வரிசையின் முதலாவது இடத்தில் எப்போதும் ஒரு பச்சைப் போத்தல் நிற்கும். கண்ணாடி மூடி. வெயில் பட்டால் சீமெந்தில் பச்சை வெளிச்சம் விழும். அது என் ஒன்றுவிட்ட அக்காவின் போத்தல். எஞ்சினியர் பங்களாவில் இருந்து அவள் புருஷன் வாங்கி வந்தது என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் போத்தலைக் கண்டாலே வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? நானும் அவளும் ஒரே ஊரில் பிறந்தவர்கள், ஒரே வருடத்தில் ஒரே லொறியில் சட்டிபானையோடு வந்து இறங்கியவர்கள். எங்கள் காணிக்கும் அவர்கள் காணிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். என் புருஷன் மண்வெட்டியோடு நின்றார். அவள் புருஷன் குத்தகைக்கு வயல் எடுத்தார், பிறகு உழவு மெஷின் எடுத்தார், பிறகு சந்தியில் கடை போட்டார். எங்கள் வீட்டுக் கூரை கிடுகாகவே இருக்க, அவள் வீட்டுக்கு ஓடு வந்தது. நேரில் அக்கா என்பேன், "நீங்கள்" போட்டுத்தான் கதைப்பேன். மனதுக்குள் ஒரு நாளும் மரியாதை வைத்ததில்லை.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சமமாகப் பங்கு பிரிந்த பரம்பரைச் சொத்து ஒன்றே ஒன்று. முட்டு வருத்தம். பனி தொடங்கினால் மூச்சு முட்டி இழுக்கும். எங்கள் அப்பாவுக்கு இருந்தது, அவருடைய தமையனுக்கு, அதாவது அக்காவின் தகப்பனுக்கும் இருந்தது. அக்காவுக்கு வந்தது. எனக்கு வராமல் ஒரு தலைமுறை தாண்டி என் மகளுக்கு வந்தது. பள்ளிக்கூடம் தொடங்கிய வயது அவளுக்கு. இழுக்கும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கும், விலா எலும்புக்கு நடுவில் குழி விழும். தேத்தண்ணி நிறத்தில் ஒரு மருந்து டிஸ்பென்சரியில் கலந்து தருவார்கள். அது குடித்தால்தான் பிள்ளை படுத்து நித்திரை கொள்ளும், இல்லாவிட்டால் சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு மார்கழியில் அந்த மருந்து முடிந்துபோனது. முடிந்த இடம்தான் என்னைக் கொன்றது. டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா பச்சைப் போத்தலை நிரப்பினார், அடுத்து இரண்டு பேருக்கு ஊற்றினார், பிறகு சாடியைச் சரித்துக் காட்டினார்.

"முடிஞ்சுது. வாற கிழமை லொறி வந்தால் பாப்பம்."

அக்கா என் பக்கத்தில் வந்தாள். "பிள்ளைக்கு வேணுமெல்லே. என்ரையிலை பாதி ஊத்தித் தாறன், போத்தலைக் கொண்டா."

"வேண்டாம் அக்கா. வீட்டிலை கொஞ்சம் கிடக்கு."

கிடந்தது அடி மண்டி மட்டும். ஆனாலும் வாங்கியிருக்க மாட்டேன். அரசாங்கம் தந்தால் அது எனக்கு உரியது, தலை நிமிர்ந்து வாங்கலாம். அதே மருந்தை அவள் தந்தால் பிச்சை. காடு வெட்டிக் குடியேறியவளுக்கு அரசாங்கம் தருவதை, ஓட்டு வீட்டுக்காரி நடுவில் நின்று பங்கு போட்டுத் தருவதா?

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் புருஷனோடு சண்டை பிடித்தேன். அவர் பாவம், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டபடி நடந்தார்.

"உழவு மெஷின் வைச்சிருக்கிறவைக்கு என்னத்துக்குச் சும்மா மருந்து? அவை கிளிநொச்சியிலை காசு குடுத்து வாங்கேலாதே?"

"அரசாங்கம் எல்லாருக்கும் எண்டுதானே குடுக்குது."

"எல்லாருக்கும் எண்டால் எங்களுக்கு இல்லையெண்டுதான் அர்த்தம்."

பிள்ளை அந்தக் கிழமை முழுவதும் சுவரில் சாய்ந்தே இருந்தது. ஆடாதோடை அவித்துக் கொடுத்தும் சரிவரவில்லை. லொறி வந்த பிறகுதான் படுத்தது.

தைப்பொங்கல் கழிந்து கிராம முன்னேற்றச் சங்கக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெண்கள் பின் வரிசை வாங்கில் இருந்து கேட்பதுதான் வழக்கம். அன்றைக்கு நான் எழும்பினேன். வசதி இருக்கிறவை காசு கொடுத்து வாங்கட்டும், அந்தக் காசில் சங்கம் பட்டணத்திலிருந்து மேலதிகமாக மருந்து எடுக்கட்டும், இல்லாதவைக்கு மட்டும் சும்மா கொடுக்கட்டும் என்றேன். சொல்லும்போது அக்கா இருந்த பக்கம் பார்க்கவில்லை, ஆனால் அவள் பக்கம் பார்த்துத்தான் சொன்னேன் என்பது பள்ளிக்கூடக் கூரைக்கே தெரியும். கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டு என் கலியாணத்துக்கும் விழவில்லை.

அப்போதிக்கரி ஐயாவுக்கும் சம்மதம். மருந்து குறைந்தால் ஏச்சு வாங்குவது அவர்தானே. இரண்டு வரிசை என்று முடிவாயிற்று. வாசலுக்கு வலப்பக்கம் இருக்கிறவை போத்தல் வைக்க வேண்டும், போத்தலுக்கு ஒரு ரூபா. இடப்பக்கம் இல்லாதவை, அவர்களுக்குச் சும்மா. யார் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, அவரவர் மனச்சாட்சி என்று சங்கத் தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கு வெற்றியோ வெற்றி. பச்சைப் போத்தல் இனி ரூபா கொடுத்து மருந்து குடிக்கட்டும் என்று அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

புதுமுறையின் முதலாவது நாள் நான் வெடித்த போத்தலோடு போனேன். வலப்பக்கத்தில் முதலாவதாகப் பச்சைப் போத்தல் மினுங்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் மற்றவர்களுடைய போத்தல்கள். இடப்பக்கச் சீமெந்து கூட்டிவிட்டபடி வெறுமையாகக் கிடந்தது.

மருத மரத்தடியில் முழுக் குடியேற்றமும் இருந்தது. எங்கள் ஊர்க்காரர், அயல் ஊர்க்காரர், ஊரில் நான் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன ஒருவருடைய தாய்கூட இருந்தாள். எல்லாரும் கதைப்பதுபோல இருந்துகொண்டு போத்தலோடு வருகிறவரின் கையைத்தான் பார்த்தார்கள். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே நான். இடப்பக்கம் குனிந்து போத்தலை வைத்தால், "இல்லாதவள் நான்தான்" என்று தம்பட்டம் அடித்துச் சொன்ன மாதிரி. அதுவும் அவளுடைய பச்சைப் போத்தல் அந்தப் பக்கம் நின்று பார்க்க.

நான் வலப்பக்கம் வைத்தேன். கோழிமுட்டை விற்ற ரூபா சேலைத் தலைப்பில் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். எங்கள் ஆட்களைத் தெரியாதா? வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாவிட்டாலும் வெளிக்கிடும்போது வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும். கஞ்சியைக் குடித்துவிட்டு ஏப்பத்தைச் சோறு தின்றவன் மாதிரி விடுகிற சனம். கூலிக்கு வயலில் நெல் அருவி வெட்டுகிறவர்கூட வலப்பக்கம்தான் வைத்தார். ரூபா இல்லாத கிழமை அவர் மருந்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். கிழமைக்குக் கிழமை வலப்பக்க வரிசை கட்டையாகிக்கொண்டு போனது. இடப்பக்கச் சீமெந்தில் நாய் படுத்திருக்கத் தொடங்கியது.

"உங்கடை குடியேற்றத்திலை இல்லாதவை ஒருத்தரும் இல்லை போலை கிடக்கு," என்று அப்போதிக்கரி ஐயா ஒரு நாள் சொன்னார். பகிடியாகச் சொல்லவில்லை. "பெரிய டொக்டர் மார்கழியிலை பாக்க வாறார். சும்மா வாங்க ஆளில்லையெண்டால் இஞ்சை அனுப்பிற மருந்தைக் குறைச்சு வேறை இடத்துக்கு அனுப்புவார்."

மரத்தடியில் இருந்தவர்கள் கேட்டபடி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கேட்ட என்னுடைய சத்தம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோழிகளுக்கு வருத்தம் வந்து இரண்டைத் தவிர எல்லாம் செத்துப்போயின. முட்டை இல்லை, ரூபாவும் இல்லை. போத்தலில் மருந்து கொடுக்கும்போது அப்போதிக்கரி ஐயா ஒரு கடதாசித் துண்டைப் பல்லுப் பல்லாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டி விடுவார், ஒரு நேரத்துக்கு ஒரு பல்லு. நான் ஒரு பல்லை இரண்டு நேரமாக்கினேன். பிறகு மூன்று நேரம். பிள்ளைக்குப் பாதி மூச்சும் பாதி இழுப்புமாகப் போனது. புருஷன் அந்தப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்கு இடப்பக்கம் வையும்."

"நீங்கள் கொண்டுபோய் வையுங்கோவன்."

"பிள்ளையைப் பாரும்," என்றார்.

பார்த்தேன். தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாயைச் சுற்றி நீலம். அது என்னைக் குற்றம் சொல்லிப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

விடிய மழை விட்டிருந்தது. போத்தலைக் கழுவித் துணி அடைத்துக்கொண்டு போனேன். எவ்வளவு வெள்ளனப் போனால் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்று கணக்குப் பார்த்துப் போனேன். மரத்தடியில் எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மானத்தை விற்கப் போகிறவளுக்குச் சந்தை கூடித்தான் இருக்கும்.

வாசலுக்குப் போய் நின்றேன். வலப்பக்கத்தில் மூன்று நாலு போத்தல். இடப்பக்கத்தில், நாய் படுக்கிற இடத்தில், ஒரே ஒரு போத்தல் நின்றது. பச்சை. கண்ணாடி மூடி.

மரத்தடியில் அக்கா இருந்தாள். நல்ல சேலை, கழுத்தில் தாலிக்கொடி, காலை நீட்டிக்கொண்டு ஆறுதலாக இருந்தாள்.

"அக்கா, பக்கம் மாறி வைச்சிட்டியளோ?"

"இல்லை. பாத்துத்தான் வைச்சனான்."

"உங்களுக்கு என்னத்துக்கு அந்தப் பக்கம்? ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும். நான் வைச்சால் என்னை ஆர் இல்லாதவள் எண்டு சொல்லப்போகினம்? கஞ்சப்பிசினாரி எண்டு சொல்லுவினம், சொல்லிப்போட்டுப் போகட்டும்." குரலைத் தணித்தாள். "வந்து எனக்குப் பின்னாலை வை. பிள்ளை இழுக்கிற சத்தம் வாய்க்காலுக்கு இஞ்சாலை கேக்குது."

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது எரிச்சல். நான் இத்தனை மாதமாகக் குனிய முடியாமல் நின்ற இடத்தில் அவள் காலாற நடந்தவள்போலப் போய் வைத்துவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். வெட்கப்படாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஓட்டு வீடு, உழவு மெஷின், அதோடு இதுவும் அவளுக்கே கிடைத்திருக்கிறது.

என் போத்தலைப் பச்சைப் போத்தலுக்குப் பின்னால் வைத்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போத்தலுக்குப் பின்னால் இன்னொரு போத்தல் சீமெந்தில் தட்டும் சத்தம் கேட்டது. அருவி வெட்டுகிறவருடையது. அவருக்குப் பின்னால் மண்ணெண்ணெய் மணத்தோடு ஒன்று. கதவு திறக்கும்போது வலப்பக்கம் நின்ற போத்தல்களையும் அவற்றின் சொந்தக்காரர் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அப்போதிக்கரி ஐயா எட்டிப் பார்த்தார், ரூபா போடும் தகரப்பேணியைத் தூக்கி உள்ளே வைத்தார், சாடியை எடுத்தார்.

பெரிய டொக்டர் வந்தபோது வரிசை வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்திருந்தது. மருந்தைக் குறைக்கவில்லை. பிறகும் சில மாதம் மருந்து முடிந்துபோகும்தான். ஆனால் முடிந்துபோனால் அக்காவின் புருஷன் அரசாங்கக் காரியாதிகாரி கந்தோருக்குப் போய்ச் சத்தம் போடுவார், அவருடைய சொந்த வீட்டு மருந்தும் முடிந்துவிட்டதே. வெள்ளத்தில் றோட்டு முறிந்த வருடம் மருந்துப் பெட்டி உழவு மெஷினில் வந்தது. இல்லாத நாங்கள் மட்டும் வரிசையில் நின்றிருந்தால் யார் மெஷின் அனுப்பியிருப்பார்கள்?

அரசாங்கம் எல்லாருக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா, இல்லாதவருக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று இப்போதும் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் கெட்டிக்காரர், புள்ளிவிவரம் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அந்த இடப்பக்கச் சீமெந்துதான். இல்லாதவருக்கு மட்டும் என்று ஒரு வரிசை போட்டால், அதில் நாய்தான் படுக்கும்.

முதன்முதல் இடப்பக்கம் போத்தல் வைத்த அன்றைக்கு, மருந்து குடித்த கையோடு பிள்ளை படுத்துவிட்டது. விலா மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மனம் ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. இல்லாதவர் வரிசை என்று ஒன்றை இந்த ஊரில் உண்டாக்கியவளே நான். அதிலும் எனக்கு முன்னால் அவளுடைய போத்தல்தான்.