பட்டியலில் முதல் பெயர்

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு செயலி செய்து கொடுத்தேன். @ போட்டு இரண்டெழுத்து அடித்தால் பெயர்கள் வரும். தொட்ட பெயருக்கு உரியவருக்குத் தகவல் போகும். தண்ணீர் மோட்டாரைப் பார்ப்பவரின் பெயரிலேயே இன்னொரு மாமாவும் இருந்தார். பட்டியலில் இந்த மாமாவின் பெயர் முதலில் வந்ததால், மோட்டார் நின்றுபோன அவசரத்தில் எல்லோரும் அதையே தொட்டார்கள்.

கக்கத்தில் குடையோடு அந்த ஒல்லி மாமா கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனார். சரியான ஆளை ஃபோனில் அழைத்துவிட்டு, அவர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“பேரோட படமும் சேர்த்துடறேன் மாமா. இனி உங்களைத் தப்பாக் கூப்பிட மாட்டா,” என்றேன்.

“அது சாரமில்லை, தப்பாக் கூப்பிட்டாலும் பரவாயில்லை. என் பேரை எடுத்துடாதே, கேட்டயா?” என்றார்.

படம் சேர்த்த பிறகும் எதிர்வீட்டு மாமி இருவரையும் அழைத்தார். ஏனென்று கேட்டேன்.

“அவர் மோட்டாரைப் பார்ப்பார். இவர் வந்தா எனக்குப் பதற்றம் போயிடும்.”

அங்கே உட்கார்ந்து அந்த மாமா என்னதான் பேசுவார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.