மீன் பெட்டியில் ஒட்டிய 'விற்பனைக்கு'

1. எட்டு

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில், விழுப்புரத்தில். பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடை. பிறகு திண்டிவனத்தில் ரஹீம் பாய் கடைக்கு மாறினேன். விற்காத வண்டி என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி வந்த புதிது அது. எங்களுக்கு மிக மோசமான வருஷம். புது வண்டியையே சொற்ப முன்பணத்தில், மாசத் தவணையில் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பழைய வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குகிறவர்களாகவே இருந்தார்கள். அதிலும் அது ஆடி மாசம். ஆடியில் எங்கள் பக்கம் சைக்கிள்கூட யோசித்துத்தான் வாங்குவார்கள்.

அந்த ஆடியில்தான் தேசப்பனின் வண்டியை ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். தேசப்பன் மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர். விடியலில் கரையில் மீன் எடுத்து, பைக்கில் பெட்டி கட்டி, வழியில் உள்ள ஊர்களிலும் திண்டிவனம் தெருக்களிலும் விற்பவர். உப்பளத்து வளைவில் ஒரு லோடு வேன் இடித்து இடது கால் நொறுங்கிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் பிளேட் வைத்துக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. இடது கால் மடங்காவிட்டால் கியர் போட முடியாது. வண்டியை விற்று, கியர் இல்லாத பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி, பக்கச் சக்கரம் மாட்டிக்கொண்டு மறுபடி தொழிலுக்கு வர வேண்டும் என்பது அவர் திட்டம்.

அவருக்கு அவசரம் இருந்தது. மீன்காரருக்கு லைன்தான் சொத்து. எந்தத் தெருவில் யார் வீட்டில் எந்த மீன் வாங்குவார்கள் என்பது பல வருஷப் பழக்கம். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் இன்னொருவன் நுழைந்துவிடுவான். லோடு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒருவன் அப்போதே நுழைய ஆரம்பித்திருந்தான்.

வண்டி நல்ல வண்டி. இஞ்சின் கை வைக்காதது. பாய் ஒரு உதை உதைத்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தார். விரலை மடக்கிக் கூட்டினார்.

"எட்டுடா."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் வண்டி பார்க்க வருகிறவர் இஞ்சினைப் பார்ப்பதற்கு முன் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார். கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனி என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எட்டுக்குப் பாதி விலை சொன்னாலும் ஆள் நிற்காது. இங்கே எட்டோடு அடிபட்ட வண்டி வேறு. ஓட்டியவரின் காலை வாங்கிய வண்டி.

"உங்களுக்கு இதெல்லாம் நம்பிக்கையா பாய்?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குடா நம்பிக்கை? பார்ட்டிக்கு இருக்குதுல்ல. பேஜாரு புடிச்ச வண்டி இது. பின்னால தள்ளி வை."

கடையின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் அதைத் தள்ளி வைத்தேன். அதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை.

2. அன்னக்கூடை

வாரம் தவறாமல் ஒரு பெண் கடைக்கு வர ஆரம்பித்தார். தேசப்பனின் மனைவி அஞ்சலை. அதுவரை அவர் எறா கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தவர். புருஷனின் லைன் கையைவிட்டுப் போகாமல் இருக்க அந்த வேலையை விட்டுவிட்டு, அலுமினிய அன்னக்கூடையில் மீனோடு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். பாதி நாள் கண்டக்டர் ஏற்ற மாட்டார். ஏற்றினால் பயணிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அவர் வந்து சேருவதற்குள் வெயில் ஏறிவிடும், ஐஸ் கரைந்துவிடும், மைக் செட் ஆட்டோ தெருவை முடித்திருக்கும்.

"இன்னா அண்ணே, எவனாவது கேட்டானா?"

"இல்லம்மா. ஆடி போவட்டும்."

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அவர் நேராகப் பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். சக்கரத்தில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

"அண்ணே, இது இங்க சும்மா குந்திக்கினு கீது. நான் அங்க கூடையைத் தூக்கிக்கினு நடக்கிறேன். எடுத்துக்கினு போறேனே. விக்கிற அன்னிக்குக் கொண்டாந்து வுட்டுர்றேன்."

"யாரும்மா ஓட்டுறது?"

"நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கூட்டி ஓட்டும் டீச்சர்களை நான் பார்த்திருக்கிறேன். புடவையில், கியர் பைக்கில், மீன் பெட்டியோடு ஒரு பெண்ணை அதுவரை எங்கள் ரோட்டில் யாரும் பார்த்ததில்லை.

அவர் சிரிக்கவில்லை. "உப்பளத்து ரோட்டுல என் தம்பி வண்டியில கத்துக்கினேன். மூணாவது கியருதான் முதல்ல பயமா இருந்துச்சு. இப்ப இல்ல."

பாய் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரே சட்டம்தான். "லைசென்ஸ் இல்லாம என் கடையிலேருந்து ஒரு வண்டியும் வெளிய போவாதும்மா. எடுத்துக்கினு வா, சாவி தர்றேன்."

அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அஞ்சலை எல்.எல்.ஆர். எடுத்தார். அதற்குரிய ஒரு மாசம் கழிந்ததும் டெஸ்டுக்கு வந்து நின்றார். வண்டியை நான்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப் போனேன். அங்கே இருந்த பையன்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். புடவையை இழுத்துச் செருகி, மேலே புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். தரையில் வரைந்திருந்த எட்டை, கால் ஊன்றாமல், கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு, சாவகாசமாகச் சுற்றி வந்தார். அவருக்கு முன்னால் போன பையன் இரண்டு தடவை கால் ஊன்றியிருந்தான்.

"இன்னொரு வாட்டி போடவா சார்?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

விஷயத்தைப் பாயிடம் சொன்னேன். அவர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஊரே எட்டைப் பாத்து ஓடுது. இந்தப் பொண்ணு எட்டையே போட்டுட்டு வந்திருக்குது. குடுத்தனுப்பு."

3. ஓடும் விளம்பரம்

வண்டியை எடுத்துப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கடையில் நின்றால் இது விற்காது. ரோட்டில் ஓடினால் நாலு பேர் கண்ணில் படுமே. மீன் பெட்டியின் பின்னால் 'இந்த வண்டி விற்பனைக்கு' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, கீழே கடை செல் நம்பரைப் போட்டேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் நானாக யோசித்துச் செய்த ஒரே விளம்பரம் அதுதான். அதைப் பற்றி இன்றும் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

முதல் வாரம் வந்த போன் எல்லாம் மீனுக்குத்தான். "ஹலோ, சங்கரா இருக்குதா?" என்பார்கள். நான் கன்சல்டிங் என்பேன். "அது எந்த மீனு?" என்பார்கள். பாய் என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தூக்கி எறியாததுதான் குறை.

ஆனால் அஞ்சலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. மரக்காணத்திலிருந்து முருக்கேரி, பிரம்மதேசம், திண்டிவனம் என்று அவர் வண்டி வருகிற நேரத்தை வைத்துப் பெண்கள் குழம்புக்குப் புளி கரைத்தார்கள். மைக் செட் ஆட்டோ வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டுப் போயிருப்பார். ஆட்டோக்காரன் மெயின் ரோட்டோடு நிற்பான். இவர் சந்துக்குள் பைக்கை நுழைத்து வாசற்படியில் நிறுத்துவார். புரட்டாசி பிறந்தது. எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்கள் மீனைத் தொடாத மாசம். தேசப்பன் தொழில் செய்த காலத்தில் புரட்டாசி என்றால் வீட்டில் படுத்துவிடுவாராம். அஞ்சலை படுக்கவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, "பாய், உங்க தெருவுல புரட்டாசி உண்டா?" என்று கேட்டார்.

பாய்க்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தன் தெரு முழுவதற்கும் அவரே சொல்லிவிட்டார். மாதா கோயில் தெருவை அஞ்சலை தானாகவே கண்டுபிடித்தார். புரட்டாசி முடிகிறபோது லைன் போகவில்லை. புதிதாக இரண்டு தெரு சேர்ந்திருந்தது. ஒரு வியாபாரியாக நான் அவருக்குத் தலைவணங்கியது அந்த மாசத்தில்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் ஒருவர் கடைக்கு வந்தார். பிரம்மதேசத்துக்காரர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வியாபாரி, பெயர் கோவிந்தசாமி.

"எனக்கு அந்த மீன்காரம்மா வண்டி வேணும்ங்க."

பாய் ஒளிக்கிற ஆள் இல்லை. "நம்பர் கூட்டினா எட்டுங்க. அடிபட்ட வண்டி. சொல்லிட்டேன்."

"எட்டாவது பத்தாவது. எங்க தெருச் சேத்துல டிராக்டரே மாட்டிக்குது. அந்தம்மா தெனமும் வந்து போவுது. எனக்கு அந்த வண்டிதான் ராசி. மீனு நாத்தம் மட்டும் போவுமா?"

"சோப்புப் போட்டுத் தர்றோம்," என்றேன். விலை படிந்தது. தேசப்பனுக்கு ஒரு ஸ்கூட்டரையும் நான் பார்த்து வைத்துவிட்டேன். எல்லாம் நினைத்தபடி நடந்தது.

4. கையெழுத்து

ஆர்.சி. தேசப்பன் பெயரில் இருந்ததால் அவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு அஞ்சலை அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அடிபட்டதற்குப் பிறகு அந்த ரோட்டில் அவர் வருவது அதுதான் முதல் தடவை. இறங்கும்போது முகம் இறுகியிருந்தது. வலி என்று நினைத்தேன்.

கோவிந்தசாமி பணத்தோடு வந்து காத்திருந்தார். தேசப்பனை நாற்காலி போட்டு உட்கார வைத்து, பேனாவைக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நாளைக்கு இவ எதுல வருவா?"

"நீங்கதான ஸ்கூட்டர்ல வரப்போறீங்க. அவங்க எதுக்கு வரணும்?"

அஞ்சலை மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போடுய்யா கையெழுத்தை. அவுரு காத்துக்கினு கீறாரு. ஜல்தி போடு," என்றார். குரல் சரியாக இல்லை. அவர் திரும்ப எறா கம்பெனிக்குத்தான் போவார் என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

தேசப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"வழியெல்லாம் இவளக் கூப்புட்டாங்க பாய். 'அஞ்சலக்கா, இன்னிக்கு மீனு இல்லியா? அஞ்சலக்கா, நாளைக்கு நெத்திலி கொண்டா'ன்னு ஊருக்கு ஊரு. என்னைப் பாத்து ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

அவர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். பாய் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தார். தேசப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நானும் இத்தினி வருஷம் அதே தெருவுலதான் ஓட்டினேன். என்னை எப்டிக் கூப்புடுவாங்க தெரியுமா? 'ஏ மீனு'. அவ்ளோதான். என் பேரு இன்னான்னு ஒரு வூட்லயும் கேட்டதில்ல. இவளப் பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. நான் மறுபடி வந்தா மறுபடி 'ஏ மீனு'தான். எதுக்கு?"

அஞ்சலை திரும்பி அவரைப் பார்த்தார்.

"வண்டி இவளாண்டயே இருக்கட்டும். பெட்டிய ரெண்டு பக்கமும் தொங்க வுட்டுக்கலாம். நான் பின்னால குந்திக்கினு வர்றேன். காலுதான போச்சு, கை கீதுல்ல. மீனு வெட்டிக் குடுக்கிறேன்."

ஒரு மீன்காரர், ஊர் நடுவில், நாலு ஆம்பிளைகள் முன்னால், மனைவிக்குப் பின்னால் உட்காருகிறேன் என்று சொல்வது எங்கள் பக்கத்தில் சின்னக் காரியம் இல்லை. அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வா, நேரமாவுது," என்றார். அவ்வளவுதான். அவர் வண்டியை உதைத்துக் கிளப்ப, தேசப்பன் மடங்காத காலை நீட்டிப் பின்னால் ஏறினார். இரண்டு பேரும் மழையிலேயே போனார்கள்.

கோவிந்தசாமிக்கு முகம் தொங்கிவிட்டது. பாய் வியாபாரி ஆயிற்றே, அவரைச் சும்மா விடுவாரா? "வாங்க, அதே மாடல், மீனு நாத்தமே இல்லாத வண்டி காட்டுறேன்," என்று தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போய், அன்றே வேறு ஒன்றை அவர் தலையில் கட்டினார். பிறகு என்னிடம் வந்து, "படிஞ்ச வியாபாரம் கெட்டுப்போய் நான் சந்தோஷப்பட்டது இதான்டா முதல் தடவை," என்றார்.

சில வருஷம் கழித்து நான் விழுப்புரத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். வண்டியை விற்க யார் வந்தாலும், கால் உடைந்து வந்தாலும், கண் பார்வை குறைந்து வந்தாலும், வீட்டில் ஆம்பிளை இறந்துபோய் வந்தாலும், விலை பேசுவதற்கு முன் ஒன்று கேட்பேன்: "உங்க வீட்ல வேற யாரு ஓட்டுவாங்க?" பலர் சிரிப்பார்கள். சிலர் யோசிப்பார்கள். எப்போதாவது ஒருவர், "என் பொண்ணு ஓட்டும்னு நினைக்கிறேன்," என்று வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். கடைக்கு அது நஷ்டம்தான். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான்: அந்த நஷ்டத்துக்குப் பயந்து கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.